விருந்தாளி காதில் விழாத இருமல்

தண்ணி கேக்காதீங்க, தர மாட்டேன். உக்காருங்கன்னும் சொல்ல மாட்டேன், அதுக்குத்தான் கயித்துக் கட்டிலைத் தூக்கிச் சுவத்துல சாச்சு வெச்சிருக்கேன். இந்த ஈச்சமடுவுல வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசுறவ நான் ஒருத்திதான், என் பேரு தீர்த்தம்மா, ஊரே என்னைக் காறித் துப்பாத குறை, துப்பினா துப்பட்டும். நீங்க பட்டணத்துல இருந்து ஜீப்புல வந்து, ஜீப் ஏறாத எடத்துல எறங்கி, மருந்துப் பொட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு, காட்டாத்தைத் தாண்டி, முட்டி தேய மேடு ஏறி, காசு வாங்காம வைத்தியம் பாக்க வந்திருக்கீங்க, நல்ல மனசுதான், யாரு இல்லைன்னா. ஆனா ஆத்தைத் தாண்டினதும் எங்க ஊர் மூப்பர் சடையாண்டி ஒரு மாலையைப் போட்டுச் சொம்புல தண்ணி நீட்டினாரே, நீங்களும் தாகத்துல மடக்கு மடக்குன்னு குடிச்சீங்களே, அங்கதான் சார் எல்லாம் கெட்டுப் போச்சு.

அந்தா பாருங்க, மாட்டுக்கொட்டாய்கிட்ட நின்னு தலை சீவிக்கிட்டு உங்களைப் பாத்துச் சிரிக்கிறாளே, அவ என் தங்கச்சி அஞ்சலை. நீங்க அந்தத் தண்ணியைக் குடிக்கிற வரைக்கும் அவ பாயில சுருண்டு உக்காந்திருந்தா. படுத்தா மூச்சு முட்டும், அதனால ராவெல்லாம் சுவத்துல சாஞ்சே கெடப்பா, ரெண்டு காலும் வீங்கி, உதடு நாவப்பழம் தின்ன மாதிரி கறுத்து, ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள நாலு தடவை இருமுவா. இப்ப எப்படி நிக்கிறா பாருங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா. அவ சிரிக்கிறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது சார். நீங்க நெஞ்சுல குழாயை வெச்சுப் பாத்து, உனக்கு ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு, ஆனை எறங்குறதுக்கு முன்னாடி போகணும்னு நாலு மணிக்குக் கெளம்பிடுவீங்க, நீங்க அக்கரை ஏறுறதுக்குள்ள அது திரும்பி வந்து அவ நெஞ்சு மேல உக்காந்துக்கும்.

எதுன்னு கேக்குறீங்களே, சீக்குதான், வேற என்ன.

எங்க மலையில ஒரு மொறை உண்டு. விருந்தாளி முதல் சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டா, அப்புறம் அவங்க கண்ணுலயும் காதுலயும் வீட்டுக் கஷ்டம் படக்கூடாது. புருசன் பொண்டாட்டி சண்டையா, உள்ள போட்டுப் பூட்டு. சாவு அழுகையா, முந்தானையில முடிஞ்சு வை. சீக்கா, அதை வெளிய அனுப்பு. வீட்டுப் பொம்பளை ஒரு பிடி கேவுரு தானியம் எடுத்து, படுத்துக் கெடக்குறவங்க தலையைச் சுத்தி, விருந்தாளி வந்திருக்காங்க, செத்த நேரம் வெளிய இருந்துட்டு வான்னு சொல்லி வாசல்ல எறைப்பா, சீக்கும் மருவாதி தெரிஞ்சது, எழுந்து போயிடும். எங்க அம்மா காலத்துலயும் போச்சு, அவங்க அம்மா காலத்துலயும் போச்சு, ஊரை விட்டு எறங்கி ஆத்தோரமா இருக்குற ஆனைமுதுகுப் பாறையில போய் எல்லாச் சீக்கும் வரிசையா உக்காந்துக்கும். அங்கிருந்து இருமல் கேக்கும், முனகல் கேக்கும், அது உக்காந்த எடத்துல புல்லு படுத்துக் கெடக்கும், ஆடு அந்தப் பக்கம் வாய் வெக்காது. விருந்தாளி போனதும் அதது வீடு பாத்து வந்து சேந்துடும்.

சில சமயம் வீடு மாறிடும், அதுல வர்ற சண்டை இருக்கே. ஒரு தடவை எதுத்த வீட்டுக் குப்பாயியோட மொழங்கால் வலி எனக்கு வந்துடுச்சு. நான் நொண்டிக்கிட்டே போய், "ஏண்டி குப்பாயி, உன் காலு வலி என் வீட்டுல வந்து சோறு திங்குது, வந்து கூட்டிட்டுப் போடி"ன்னு கத்தினா, அவ கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து, "உன் பல்லு வலி மட்டும் இங்க சும்மாவா இருக்கு, ராவெல்லாம் என்னைத் தூங்க விடலை, நல்லா வளத்து வெச்சிருக்கே போ"ன்னு திட்டுறா. அப்புறம் ரெண்டு பேரும் வாசல்ல எதிரெதிரா உக்காந்து, ஆளுக்கு ஒரு பிடி கேவுரு எறைச்சு, அவளுது அவளுக்கு, என்னுது எனக்குன்னு மாத்திக்கிட்டோம். இதெல்லாம் எங்க ஊர்ல நடக்குறதுதான்.

அதனாலதான் எங்க ஆளுங்களுக்கு விருந்தாளின்னா அவ்வளவு ஆசை. எப்பவோ ஒருத்தர் வருவாரு, சம்பந்தம் பேச வருவாங்க, அன்னிக்கு ஒரு பொழுது ஊரே நிமிர்ந்து நடக்கும், கூனிப் போனவங்க கும்மி அடிப்பாங்க. அப்ப தினம் ஒரு விருந்தாளியை வெச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, கேட்டுட்டீங்க, மூஞ்சியிலயே தெரியுது. அது நடக்காது. எங்க வீட்டு அடுப்புல வேலை பாத்தவங்க விருந்தாளி இல்லை, வீட்டு ஆளு. ஒரு ராத்திரி தங்கினவங்க மறுநாள் காலையில வெறகு ஒடிக்கணும், இல்லேன்னா களி கிண்டணும், அதுவும் மொறைதான். களி கிண்டுற துடுப்பைத் தொட்டு வேர்வை சிந்தின நேரம் சீக்கு பாறையில இருந்து எறங்கி வந்துடும், வீட்டு ஆளு முன்னாடி அதுக்கு என்ன கூச்சம்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் வைத்திய முகாம் வந்துச்சு. பட்டணத்துல ஒரு அறக்கட்டளை, அதுக்குத் தலைவர் பத்ரிநாத்துன்னு ஒரு பெரிய டாக்டரு, தை பொறந்து பனி குறைஞ்சதும் வருசா வருசம் வருவாங்க. இருதயத்துல ஓட்டையோ அடைப்போ இருந்தா பட்டணத்துக்குக் கூட்டிப் போய் இலவசமா ஆபரேசன் பண்ணுவாங்களாம், ஆனா அவங்க டாக்டரு அவங்க காதால கேட்டாத்தான் உண்டாம். நாங்க சும்மா இருப்போமா, மேளம் அடிச்சோம், காலுக்குத் தண்ணி ஊத்தினோம், கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சோம், அவங்க முதல் மடக்குத் தண்ணி குடிச்சதும் ஊர்ல இருந்த அத்தனை சீக்கும் எழுந்து, யாரும் சொல்லாமலே, பழகின கால்தானே, பாறைக்குப் போயிடுச்சு. பத்ரிநாத் சார் வரிசையில வந்த ஒவ்வொருத்தரையும் தட்டிப் பாத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்து, "பிரமாதம், என்ன சாப்புடுறீங்க நீங்கள்லாம்?"னு கேட்டாரு. ஆளுக்கு ஒரு பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷும் சத்து மாத்திரையும் குடுத்துட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி ஊர் கூடிச்சு. சீக்கு மறுபடி வந்து அவங்கவங்க மடியில உக்காந்திருக்கு, இருமிக்கிட்டும் முனகிக்கிட்டும் பேசுறாங்க. மூப்பர் சடையாண்டி எழுந்து, "நம்ம மருவாதி பத்தலை"ன்னாரு. "பெரிய மனுசங்க, கோழிக் கொழம்பு ஊத்தினா மனசு எறங்குமா, அடுத்த வருசம் ஆடு"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க, நானும்தான் ஆட்டினேன், இப்ப நெனச்சா என் தலையை நானே கொட்டிக்கலாம்னு இருக்கு. அடுத்த வருசம் ஆடு வெட்டினோம், சீக்கு பாறையையும் தாண்டி மேடேறிப் போயிடுச்சு. அதுக்கு அடுத்த வருசம் ஆடும் வெட்டி, பந்தலும் போட்டு, கொம்பும் ஊதி, பொண்ணுங்க கைகோத்து ஆடி, ஊர் எல்லையில இருந்து டாக்டருங்களைத் தோள்லயே தூக்கிக்கிட்டு வந்தோம், சீக்கு அடுத்த மலைக்கே போயிடுச்சு, அவ்வளவு தூரம் நடந்து திரும்பி வந்த களைப்புல முன்னைவிட ரெண்டு மடங்கா ஆளைப் போட்டு மிதிச்சது. மருவாதி கூடக் கூடச் சீக்கு தூரமாப் போகுது, டாக்டருங்க இன்னும் சந்தோசமாப் போறாங்க, இந்த எழவு எடுத்த சங்கதி யாருக்கும் உறைக்கலை.

கடைசியில என்ன நடந்துச்சு தெரியுமா? நோயில்லாக் கிராமம்னு ஒரு போர்டு அடிச்சுக் கொண்டாந்து ஆத்தங்கரையில நட்டாங்க. நீங்க வர்றப்ப பாத்திருப்பீங்க, நீலத்துல வெள்ளை எழுத்து. அதைப் பாத்துட்டு, மாசத்துக்கு ஒரு தடவை ஊசி போட ஏறி வந்துக்கிட்டிருந்த நர்சம்மாவையும் வேற மலைக்கு மாத்திட்டாங்க. அஞ்சலையை டோலி கட்டிக் கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், பாதி வழியில அவ கண்ணு சொருகி, இதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். அங்க இருதய டாக்டரு கெடையாது. இருந்தவரு எந்த ஊருன்னு கேட்டாரு, ஈச்சமடுவுன்னதும் சிரிச்சு, "அங்கதான் யாருக்கும் ஒண்ணுமில்லையே, வயித்துல கேஸா இருக்கும்"னு ஒரு மாத்திரை குடுத்தாரு. எனக்கு அந்த மேசையைத் தூக்கி அவர் மேல கவுக்கணும் போல இருந்துச்சு. இன்னொரு தடவை டோலி கட்ட எனக்குத் தைரியமில்லை சார், அவ தாங்க மாட்டா.

போன வருசம் முகாம் அன்னிக்கு அஞ்சலைதான் முதல் ஆளா வரிசையில நின்னா. பத்ரிநாத் சார் நெஞ்சுல வெச்சுப் பாத்துட்டு, "குதிரை மாதிரி ஓடுது, போம்மா"ன்னாரு. அவளும் குதிச்சுக்கிட்டுப் போய் ஆட்டத்துல கலந்துக்கிட்டா. நான் பின்பக்கம் பெரிய பானையில விருந்துக்குக் களி கிண்டிக்கிட்டிருந்தேன், ரெண்டு கையும் துடுப்புல இருக்கு, அழக்கூட வழியில்லை. அந்த நேரம் பாத்து அவங்களோட வந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, ஜெனிலான்னு பேரு, நாகர்கோவில் பக்கமாம், அங்க நடந்த பேச்சும் கைதட்டலும் தாங்காம அடுப்பங்கரைப் பக்கம் வந்து சும்மா நின்னுச்சு. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ, "என்ன வேடிக்கை, இந்தா, இதைப் பிடி, நான் கொஞ்சம் அழணும்"னு துடுப்பை அது கையில திணிச்சிட்டு, அப்படியே வெறகுக் கட்டு மேல உக்காந்து ஓன்னு அழுதேன்.

அந்தம்மா, பானையைக் கவ்விப் பிடிக்கிற கவைக்கோலைக் கால்ல மிதிச்சுக்கிட்டு, பானை ஆடாம, அது பாட்டுக்குக் கிண்டுச்சு, அடி பிடிக்கிற நேரம், மாவு கட்டி தட்டுற நேரம், விட்டா போச்சு, உள்ளங்கை கொப்புளிச்சு, வேர்வை மூக்கு நுனியில சொட்ட, நான் அழுது முடிக்கிற வரைக்கும் கிண்டுச்சு. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிமிந்தா, தண்ணி குடிக்க உள்ள வந்த அஞ்சலை கதவு நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, உதடு கறுத்திருக்கு, மூச்சு இழுக்குது. டாக்டரம்மா களி ஒட்டின கையோடவே குழாயை எடுத்து அவ நெஞ்சுல வெச்சுச்சு. அப்புறம், "அக்கா, இந்தப் பொண்ணு இத்தனை நாளா எப்படி நடமாடுது?"ன்னு கேட்டுச்சு. வால்வு சுருங்கிப் போச்சாம், சின்னதுல வந்த காய்ச்சல்ல கெட்டுப் போனதாம், ஆபரேசன் பண்ணாட்டி ரொம்ப நாள் தாங்காதாம்.

ஓடிப் போய்ப் பத்ரிநாத் சாரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவரு கழுத்துல எங்க ஊரு மாலை, மார்பு மறைய சாமந்தி. அவரு உள்ள காலை வெச்சதும் அஞ்சலைக்கு மூச்சு சீராயிடுச்சு, கன்னத்துல ரத்தம் வந்துடுச்சு, சிரிக்கிறா. அவரு குழாயை வெச்சுக் கேட்டாரு, "ஒண்ணுமில்லையே"ன்னாரு. அவரைத் தள்ளி நிக்க வெச்சு இந்தம்மா கேட்டுச்சு, "இருக்கு சார், நல்லாக் கேக்குது"ன்னுச்சு. மறுபடி அவரு. "இல்லை." மறுபடி இது. "இருக்கு." ஒரே நெஞ்சு, ஒரே குழாய், அவரு காதுல வெச்சா நல்ல இருதயம், அந்தம்மா காதுல வெச்சா கெட்ட இருதயம், நாங்க ஊரே வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கோம். கடைசியில அவரு சிரிச்சுக்கிட்டே, "ஜெனிலா, வெயில்ல ரொம்ப அலைஞ்சுட்டீங்க, ரெஸ்ட் எடுங்க"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. பாஞ்சு போய் அவரு கையைப் பிடிச்சு, "சார், அந்த மாலையைக் கழட்டிட்டு நீங்களும் கொஞ்சம் களி கிண்டுங்க"ன்னேன். ஊரே ஐயையோன்னுச்சு. மூப்பர் அவரு கால்லயே விழுந்துட்டாரு, "பைத்தியக்காரி சாமி, மன்னிச்சுக்கோங்க"ன்னு. ஆனா பத்ரிநாத் சார் கோவிச்சுக்கலை, அதுதான் கொடுமை, அவருக்கு அது குஷியா இருந்துச்சு. "அட, பாரம்பரியச் சமையல், வாங்க வாங்க, யாராவது போட்டோ எடுங்க"ன்னு, மாலையோடவே துடுப்பைப் பிடிச்சு, பல்லைக் காட்டி நின்னாரு, ஒரே ஒரு சுத்து சுத்தினாரு, போட்டோ எடுத்தாங்க, துடுப்பை விட்டுட்டாரு. போட்டோவுக்குக் கிண்டினா சீக்கு ஏமாந்துடுமா சார்? பாறையில இருந்து ஒரு இருமல் கேட்டுச்சு, அவ்வளவுதான், எறங்கலை. ஜீப்புல ஒரு எடம் கேட்டு அந்தம்மா அழுதுச்சு, நல்லா இருக்குற பொண்ணை எதுக்கு ஏத்தணும்னு மத்தவங்க கெளம்பிட்டாங்க. போறப்ப அந்தம்மா கால் வீக்கத்துல இருக்குற நீர் எறங்குறதுக்குன்னு தன் பையில இருந்த மாத்திரை முழுக்க என் மடியில கொட்டிட்டுப் போச்சு, அப்புறம் நர்சம்மா இருக்குற மலைக்கு ஆள் விட்டு மாத்திரை வாங்கி வாங்கித்தான் இந்த ஒரு வருசத்தை ஓட்டியிருக்கேன்.

அதுல இருந்து மூப்பர் என்கூடப் பேசுறதில்லை. "சீக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், விருந்தாளி கையில துடுப்பைக் குடுத்த ஊருன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டாளே"ன்னு சொல்லித் திரியுறாரு. நல்ல மனுசன் சார் அவரு, தன் நெஞ்சுச் சளியை முகாம் அன்னிக்குத் தானே கைப்பிடிச்சுப் பாறைக்குக் கொண்டு விட்டுட்டு வருவாரு, அவ்வளவு மருவாதி. அவர்கூட நான் சண்டை போடலாம். இவகூட என்ன பண்றது சொல்லுங்க. இந்த அஞ்சலை நேத்து ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, நாளைக்கு முகாம் வருதாம். வருசத்துக்கு ஒரு நாள்தான் எனக்கு முழு மூச்சு வருது, அந்த ஒரு நாளையும் நீ கெடுத்துடாதே, நான் ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன்"னா. அவ சொல்றதுல தப்பு இருக்கா? இல்லை. அதான் எனக்கு ஆத்திரம். அவ ஆடுறதைப் பாத்துக்கிட்டு, சரி போகட்டும்னு நானும் உங்களுக்குக் கோழி அடிச்சுப் போட்டா, அடுத்த தைக்கு ஆட அவ இருக்க மாட்டா.

உங்களை அனுப்பினது அந்த ஜெனிலா டாக்டரம்மாதான்னு உங்களோட ஏறி வந்த டிரைவர் சொன்னாரு. பத்ரிநாத் சாரை விட்டு விலகி உங்க கூட்டத்துல சேந்துடுச்சாம், தலைப் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்காம், நல்லா இருக்கட்டும். அங்க போனா தீர்த்தம்மான்னு ஒருத்தி திட்டுவா, அவ சொல்றதைச் செய்யுங்கன்னு சொல்லி அனுப்புச்சாமே. செஞ்சீங்களா? வந்ததும் வராததுமா மாலையைப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க.

கழட்டுங்க அதை. அந்தக் கொக்கியில மாட்டுங்க, மூப்பர் பாத்தா பாக்கட்டும். சட்டைக் கையை மடிங்க. இந்தக் கவைக்கோலைக் கால்ல மிதிச்சுக்கோங்க, அப்படியில்லை, ரெண்டு காலாலயும், பானை கவுந்தா காலு வெந்துடும். துடுப்பை ரெண்டு கையால பிடிங்க. அடிவரைக்கும் விடுங்க. சிரிக்காதீங்க, போட்டோ எடுக்க இங்க யாருமில்லை. நல்லா அழுத்திச் சுத்துங்க, கட்டி தட்டுது பாருங்க, ஓரத்துல இருந்து வழிச்சு நடுவுக்குக் கொண்டாங்க, இது எங்க வீட்டு ராத்திரிச் சாப்பாடு, கெட்டுப் போச்சுன்னா நாங்க பட்டினி, உங்களுக்கும் இதுல ஒரு உருண்டை உண்டு, கிண்டினவங்களுக்கு உண்டு. கை எரியுதா? எரியட்டும். வேர்வை கண்ணுல எறங்குதா? தோள்ல துடைச்சுக்கோங்க, துடுப்பை விடாதீங்க. இன்னும், இன்னும், மாவு பச்சை வாசனை போகலை.

புல்லு சரசரங்குது, கேக்குதா? பாறைப் பக்கம் ஆடெல்லாம் ஒதுங்குது பாருங்க. வருது. திரும்பாதீங்க, நீங்க கிண்டுங்க. வாசப்படி ஏறிடுச்சு. அஞ்சலை, அப்படிப் பாக்காதேடி, நான் பண்ணினது பாவம்தான், உன் ஆட்டத்தைக் கெடுத்த பாவம் எனக்கே இருக்கட்டும், வந்து இப்படி உக்காரு, சுவத்துல சாஞ்சுக்கோ, அக்கா பிடிச்சுக்கிறேன்.

கேட்டீங்களா சார்! இருமுறா! என் தங்கச்சி இருமுறா! துடுப்பைப் போட்டுட்டுக் குழாயை எடுங்க, சீக்கிரம் வாங்க, களி தீஞ்சா தீயட்டும்.